பசி ஒழிப்புக்கான பன்னாட்டு அமைப்புகள்: தில்லிக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்காகவோ முதல் வேலைக்காகவோ தில்லிக்கு வரும் தமிழ் இளைஞர்களில் சிலர், பசி ஒழிப்புப் பணியில் ஈடுபட வேண்டும் என்ற எண்ணத்தோடு லோதி எஸ்டேட் பக்கம் சென்று ஐ.நா. அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிட்டு, எது எந்த வேலையைச் செய்கிறது என்பது பிடிபடாமலேயே திரும்புகின்றனர். பெயரளவில் எல்லா அமைப்புகளும் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றினாலும், ஒன்று போர்முனைக்கு லாரியில் கோதுமை அனுப்புகிறது, மற்றொன்று அரசுகளுக்குக் கடன் கொடுக்கிறது, வேறொன்று விதைகளை ஆராய்கிறது, இன்னொன்று கணக்கெடுத்து அறிக்கை எழுதுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நன்கொடை கொடுப்பதும் வேலைக்கு விண்ணப்பிப்பதும் வீண் அலைச்சலில்தான் முடியும். எந்த வரிசையில் அறிந்துகொண்டால் எளிதாக இருக்கும் என்பதை இங்கே தருகிறேன். தயவுசெய்து வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம்.

முதற்படி: எந்தப் பசி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

போர், வெள்ளம், வறட்சி, திடீர் விலையேற்றம் ஆகியவற்றால் சில வாரங்களுக்குள் மக்களைத் தாக்குவது ஒரு பசி. ஆண்டுக்கணக்கில் வருமானமின்றியும் நிலமின்றியும் அரை வயிற்றோடு வாழ்வது வேறொரு பசி. வயிறு நிறைந்தும் இரும்புச்சத்தும் உயிர்ச்சத்துகளும் கிடைக்காமல் குழந்தை வளர்ச்சி குன்றுவது மூன்றாவது. முதல் வகைக்கு வேண்டியது கப்பலும் லாரியும் ரொக்கமும். இரண்டாவதற்கு வேண்டியது பாசனமும் கடனும் சந்தையும். மூன்றாவதற்கு வேண்டியது தாய்சேய் நலமும் தூய குடிநீரும் சத்துணவும். ஓர் அமைப்பின் பெயரைக் கேட்டவுடன் இம்மூன்றில் எதனோடு அது மல்லுக்கட்டுகிறது என்று கேட்டுப் பழகினால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: ரோம் நகரின் மூன்று அமைப்புகள்

ஐ.நா.வின் உணவுப் பணிக்கு மையம் நியூயார்க்கோ ஜெனீவாவோ அன்று. இத்தாலியின் ரோம் நகரம். அங்கே மூன்று அமைப்புகள் தலைமையகம் கொண்டுள்ளன.

மூத்தது உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ. 1945 அக்டோபர் 16 அன்று கனடாவின் கியூபெக் நகரில் இது நிறுவப்பட்டது. உலக உணவு நாள் அந்தத் தேதியில் கொண்டாடப்படுவது இதனால்தான். இந்தியா இதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்று. எஃப்.ஏ.ஓ. பொதுவாக யாருக்கும் சோறு போடுவதில்லை. பயிர்நோய், வெட்டுக்கிளி, மீன்வளம், மண், விதை ஆகியவற்றில் அரசுகளுக்கு ஆலோசனை கூறுவதும், உலக உணவுப் புள்ளிவிவரங்களைத் திரட்டுவதும், உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உணவுத் தரநிலைகளை வகுப்பதுமே இதன் முக்கிய வேலைகள். 1956 முதல் 1967 வரை இதன் தலைமை இயக்குநராக இருந்தவர் இந்திய ஆட்சிப் பணியாளரான பினய் ரஞ்சன் சென். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சக் காலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்த அவர், 1960இல் தொடங்கிய பசியிலிருந்து விடுதலை இயக்கத்தின் மூலம், புள்ளிவிவர அலுவலகம் போல இருந்த எஃப்.ஏ.ஓ.வைக் களப்பணியை நோக்கித் திருப்பினார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1981 முதல் 1985 வரை எஃப்.ஏ.ஓ. பேரவையின் சுயேச்சைத் தலைவராக இருந்தார். இந்த அமைப்பை வெளிநாட்டார் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இவ்விருவரையும் பற்றிப் படிப்பது நல்லது.

உலக உணவுத் திட்டம் 1961இல், மூன்றாண்டுச் சோதனை முயற்சியாக உருவாக்கப்பட்டது. அந்தச் சோதனை அதிகாரபூர்வமாகத் தொடங்குவதற்கு முன்பே, 1962 செப்டம்பரில் ஈரானில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குக் கோதுமையும் சர்க்கரையும் தேயிலையும் அனுப்ப வேண்டிய நிலை வந்தது. 1965இல் நிலையான அமைப்பான இது, 2020இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. களத்தில் உணவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் தனித்திறன். சாலையில்லாத இடங்களுக்கு நிவாரணப் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் ஐ.நா. விமானச் சேவையையும் இதுவே நடத்துகிறது. இப்போது மூட்டைகளை மட்டும் இது கொடுப்பதில்லை. உள்ளூர்ச் சந்தையில் பொருள் இருந்து மக்களிடம் காசு இல்லாத இடங்களில் ரொக்கமாகவோ கூப்பனாகவோ கொடுக்கிறது. அப்படிச் செய்தால் உள்ளூர்க் கடைக்காரரும் விவசாயியும் பிழைப்பார்கள் என்பதால், மூட்டையைக் காட்டிலும் ரொக்கமே பல இடங்களில் நல்ல வழி என்பது என் எண்ணம்.

மூன்றாவதான பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம், சுருக்கமாக இஃபாட், அதிகம் பேசப்படாதது. 1974இல் நடந்த உலக உணவு மாநாட்டின் விளைவாக 1977இல் உருவான இது, ஊரகத்து ஏழைகளுக்கான திட்டங்களுக்காக அரசுகளுக்குக் குறைந்த வட்டியில் கடனும் சிலவற்றுக்கு மானியமும் தருகிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டபோது அதற்கு நிதி உதவி செய்தது இந்த நிதியம்தான். உங்கள் அம்மாவோ சித்தியோ குழுவில் சேர்ந்து சேமித்தவராக இருந்தால், பெயர் தெரியாமலேயே இஃபாட்டோடு உங்கள் குடும்பத்துக்குத் தொடர்பு இருக்கிறது.

இம்மூன்றைத் தவிர, கடும் மெலிவுக்கு ஆளான குழந்தைகளின் சிகிச்சையை யுனிசெஃப் முன்னின்று நடத்துகிறது. அந்தச் சிகிச்சைக்கான மருத்துவ நெறிமுறைகளை உலகச் சுகாதார நிறுவனம் வகுக்கிறது. வேளாண் ஆராய்ச்சிக்கென 1971இல் தொடங்கப்பட்ட சி.ஜி.ஐ.ஏ.ஆர். என்ற கூட்டமைப்பில், பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐதராபாத் அருகே படான்செருவில் வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட்டும் அடங்கும். அரசு சாராத அமைப்புகளில் ஆக்ஸ்ஃபாம் 1942இல், முற்றுகையால் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. கேர் 1945இல் அமெரிக்காவிலும், வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபே 1962இல் ஜெர்மனியிலும் தொடங்கின.

மூன்றாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். 2025இல் வெளிவந்த அறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 2024ஆம் ஆண்டில் உலகில் 67.3 கோடிப் பேர் பசித்திருந்தனர் என்றும், 230 கோடிப் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தனர் என்றும், 260 கோடிப் பேரால் சத்தான உணவை வாங்க முடியவில்லை என்றும், 53 நாடுகளில் 29.5 கோடிப் பேர் கடும் உணவு நெருக்கடியில் இருந்தனர் என்றும் நான்கு எண்கள் கிடைக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதல் எண் கணக்கு வழியில் வருவது. ஒரு நாட்டின் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, விதை, தீவனம், வீணானது ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய உணவு மக்களிடையே எப்படிப் பகிரப்படுகிறது என்பதைக் குடும்பச் செலவு ஆய்வுகளிலிருந்து மதிப்பிட்டு, குறைந்தபட்சக் கலோரி கூடக் கிடைக்காதவர் எத்தனை பேர் என்று எஃப்.ஏ.ஓ. கணிக்கிறது. மதிப்பீடு என்பதால் இதற்கு ஒரு வீச்சும் தரப்படும். 67.3 கோடி என்பதன் வீச்சு 63.8 கோடி முதல் 72 கோடி வரை. செய்தித்தாள்கள் இந்த வீச்சைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, நீங்கள் விடாதீர்கள்.

இரண்டாவது எண் மக்களையே கேட்டுப் பெறுவது. கடந்த 12 மாதங்களில் பணமில்லாததால் உணவு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா, ஒரு வேளை உணவைத் தவிர்த்தீர்களா, நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பன போன்ற எட்டுக் கேள்விகளின் விடைகளிலிருந்து மிதமான நிலையும் கடுமையான நிலையும் பிரிக்கப்படுகின்றன. மூன்றாவது எண், உள்ளூர் விலைவாசியில் சத்தான உணவின் செலவைக் கணக்கிட்டு அதை வருமானத்தோடு ஒப்பிடுகிறது. முதல் மூன்றும் எஃப்.ஏ.ஓ., இஃபாட், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், உலகச் சுகாதார நிறுவனம் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் ஒரே அறிக்கையில் உள்ளன. அந்த அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்தி எழுதுவதால், பழைய பதிப்பின் எண்ணைப் புதிய பதிப்பின் எண்ணோடு ஒப்பிட்டு, பசி கூடியது என்றோ குறைந்தது என்றோ எழுதுவது தவறு. எல்லா ஆண்டுகளின் எண்களையும் கடைசிப் பதிப்பிலிருந்தே எடுங்கள்.

நான்காவது எண் நெருக்கடிகளுக்கு மட்டும் உரியது. 2004இல் சோமாலியாவுக்காக உருவாக்கப்பட்டு, பின் பல நாடுகளுக்கு விரிந்த ஐ.பி.சி. என்னும் அளவுகோல், ஒரு பகுதியின் நிலையை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது. மூன்றாம் கட்டம் நெருக்கடி, நான்காவது அவசரநிலை, ஐந்தாவது பஞ்சம். ஒரு பகுதியைப் பஞ்சம் என்று வகைப்படுத்த மூன்று நிபந்தனைகள் உண்டு: குறைந்தது 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏறக்குறைய உணவே இல்லாமல் இருக்க வேண்டும்; குறைந்தது 30 விழுக்காட்டுக் குழந்தைகள் கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஆளாகியிருக்க வேண்டும்; நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் பட்டினியாலோ பட்டினியோடு சேர்ந்த நோயாலோ இறக்க வேண்டும். சோமாலியாவில் 2011இலும், தென் சூடானில் 2017இலும், சூடானின் ஜம்ஜம் முகாமில் 2024இலும், காசாவில் 2025இலும் இவ்வாறு பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது.

நிபந்தனைகள் இவ்வளவு கடுமையாக இருப்பதால் பஞ்சம் என்ற அறிவிப்பு பெரும்பாலும் தாமதமாகவே வரும். 2010 இறுதி முதல் 2012 வரை சோமாலியாவில் ஏறக்குறைய 2,60,000 பேர் இறந்தனர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அவர்களில் சுமார் பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டனர். எனவே ஒரு நாட்டில் பஞ்சம் அறிவிக்கப்படவில்லை என்பதை அங்கே நிலைமை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மூன்றாம் கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியர்கள் அதிகம் சண்டையிடும் உலகப் பசிக் குறியீடு இந்த அறிக்கைகளோடு சேராதது, ஐ.நா. வெளியீடும் அன்று. ஐரோப்பிய அரசு சாரா அமைப்புகளான வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபேவும் கன்சர்ன் வேர்ல்ட்வைடும் முன்னின்று வெளியிடும் இதில், 2024இல் 127 நாடுகளில் இந்தியா 105ஆம் இடத்தில் இருந்தது. இதன் நான்கு அளவீடுகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, மெலிவு, இறப்பு ஆகிய மூன்று குழந்தைகளைப் பற்றியவை. மொத்த மக்களின் பசியை இது அளக்கவில்லை என்ற இந்திய அரசின் மறுப்பில் நியாயம் உண்டு. அதற்காக மெலிந்த குழந்தைகளின் கணக்கு பொய்யாகிவிடாது. விவாதத்தில் இறங்கும் முன் தரவரிசையை விட்டுவிட்டு, நான்கு அளவீடுகளையும் தனித்தனியே பாருங்கள்.

நான்காம் படி: பணம் எங்கிருந்து வருகிறது

எஃப்.ஏ.ஓ.வுக்கு உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் பங்குத்தொகை உண்டு. அதற்கு மேல் விருப்பக் கொடைகளும் வரும். இஃபாட் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நாடுகளிடமிருந்து நிதி திரட்டுகிறது. உலக உணவுத் திட்டத்துக்குக் கட்டாய வருமானம் ஒரு பைசா கூடக் கிடையாது, முழுவதும் கொடைதான். பல பத்தாண்டுகளாக அதன் மிகப் பெரிய கொடையாளி அமெரிக்கா. 2022இல் ஏறக்குறைய 1,400 கோடி டாலராக உயர்ந்த அதன் வரவு, 2024இல் 980 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. கொடையாளி நாடுகள் தம் பணத்தை இன்ன நாட்டுக்கு, இன்ன திட்டத்துக்கு என்று முன்கூட்டியே குறித்துக் கொடுப்பதால், தொலைக்காட்சியில் தெரியும் போருக்குப் பணம் குவிந்தாலும் தெரியாத போருக்கு வற்றிவிடுகிறது. பணம் குறையும்போது அமைப்பு செய்யக்கூடியது ஆட்களைக் குறைப்பது அல்லது தலைக்கான அளவைக் குறைப்பது. அறிக்கைகளில் பங்கீட்டுக் குறைப்பு என்று வரும் வரிகளின் பொருள் இதுவே.

பணம் நின்றால் கணக்கெடுப்பும் நின்றுவிடும். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் அமெரிக்க உதவியோடு 1985இல் தொடங்கிய ஃபியூஸ் நெட் என்னும் பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பின் இணையத்தளம், அமெரிக்க அரசின் நிதி நிறுத்தத்தால் 2025 ஜனவரியில் முடங்கி, சில மாதங்கள் கழித்தே மீண்டது.

ஐந்தாம் படி: தில்லியில் எங்கே என்ன இருக்கிறது

எஃப்.ஏ.ஓ., யுனிசெஃப் ஆகியவற்றின் இந்திய அலுவலகங்கள் லோதி எஸ்டேட்டில் உள்ளன. உலக உணவுத் திட்டத்தின் அலுவலகம் வசந்த் விஹாரில், ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. இவை மக்கள் குறைதீர் அலுவலகங்களல்ல. முன்னனுமதி இல்லாமல் வாயிலைத் தாண்ட முடியாது. தற்குறிப்பை நேரில் கொடுக்கலாம் என்று போவதில் பயனும் இல்லை.

போய்ப் பார்க்கத் தகுந்த இடம் பூசா. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கரோல் பாகுக்குப் பக்கத்திலேயே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் விரிந்து கிடக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இதன் இயக்குநராக இருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைரகக் கோதுமையை இந்திய வயல்களுக்கு ஏற்றதாக்கும் வேலை இங்கேதான் வேகம் பிடித்தது. அருகிலுள்ள தேசிய வேளாண் அறிவியல் வளாகத்தில் சி.ஜி.ஐ.ஏ.ஆர். நிறுவனங்கள் சிலவற்றின் அலுவலகங்களும் ஒரு வேளாண் அருங்காட்சியகமும் உள்ளன. அங்கு நடக்கும் கருத்தரங்குகளில் சில பொதுமக்களுக்கும் திறந்தவை.

இந்தியாவில் இந்த அமைப்புகள் என்ன செய்கின்றன என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு, 2021இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொடையாக 50,000 டன் கோதுமையை அறிவித்து, 2022இல் பஞ்சாபின் அட்டாரி எல்லை வழியே லாரிகளில் அனுப்பி, அங்கே பகிர்ந்தளிக்கும் பொறுப்பை உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தது. இங்கே அத்திட்டம் அரிசியில் சத்துச் சேர்ப்பது, ரேஷன் விநியோகத்தைச் சீரமைப்பது போன்றவற்றில் அரசுக்குத் தொழில்நுட்ப உதவி செய்கிறது. ஆகவே உங்கள் தெருவில் ஒரு குடும்பம் பசித்திருந்தால் நீங்கள் அணுக வேண்டியவை ரேஷன் கடையும் அங்கன்வாடியும் பள்ளி மதிய உணவும்தான். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசி என்று பழகிய நாம், தில்லியில் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவர்களுக்கே ரேஷன் என்பதை மறந்துவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் அட்டை முன்னுரிமை அட்டையாகவோ மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டையாகவோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தின் கீழ் தில்லிக் கடையிலேயே மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை விரல்ரேகை வைத்துப் பெறலாம். முன்னுரிமையற்ற அட்டைக்கு இந்த வசதி இல்லை.

ஆறாம் படி: நன்கொடை

ஓர் அமைப்பின் தணிக்கை அறிக்கையையும், சென்ற ஆண்டு எந்த நாட்டில் எவ்வளவு செலவிட்டது என்பதையும் பார்த்த பிறகே கொடுங்கள். உலக உணவுத் திட்டத்தின் ஷேர் த மீல் செயலி சிறு தொகைகளைப் பெறுகிறது. 80ஜி என்று அறியப்பட்ட, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள், பெறுபவர் அந்தச் சான்று பெற்ற இந்திய அமைப்பா என்று கேட்க வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இச்சலுகை இல்லை. மெட்ரோ வாசலில் படம் ஒட்டிய அட்டையோடு நின்று மாதாந்திரப் பிடித்தத்துக்குக் கையொப்பம் கேட்பவரிடம் அங்கேயே வங்கி விவரம் தருவதைக் காட்டிலும், வீட்டுக்குப் போய் அந்த அமைப்பின் தளத்தில் நேரடியாகச் செலுத்துவதே பாதுகாப்பு.

ஏழாம் படி: தொண்டும் வேலையும்

இப்போது வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறக்கலாம். தொடக்கத்துக்கு ஏற்றது, 1970இல் உருவாகி ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 18 வயது நிரம்பியவர்கள் பதிந்துகொண்டு, இணையவழியில் மொழிபெயர்ப்பு, தரவுச் சேகரிப்பு, வரைபடம் போன்ற பணிகளைச் செய்யலாம். உள்நாட்டுத் தன்னார்வலராகத் தேர்வானால் வாழ்க்கைச் செலவுப்படியும் உண்டு. பயிற்சிப் பணிகளில் ஐ.நா. தலைமைச் செயலகம் ஊதியம் தருவதில்லை, எஃப்.ஏ.ஓ., உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் ஆகியவை உதவித்தொகை தருகின்றன.

இந்தியாவிலுள்ள அலுவலகங்களில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்டவை தேசிய அலுவலர் பணியிடங்கள்; பொதுச் சேவைப் பணியிடங்களுக்கும் உள்ளூரிலேயே ஆள் எடுக்கப்படுகிறது. பன்னாட்டுத் தொழில்முறைப் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் வேறு நாட்டில் போய் வேலை செய்ய வேண்டும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, அரபு, ஸ்பானியம் போன்ற மற்றோர் ஐ.நா. மொழியும் தெரிந்திருந்தால் நல்லது. தில்லியில் பிரெஞ்சு கற்க அலியான்ஸ் பிரான்சேஸ் அதே லோதி எஸ்டேட்டில் உள்ளது. வட இந்தியக் களத்தில் வேலை செய்ய நினைப்பவர்கள் அதற்கு முன் இந்தியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொள்வது அவசியம். சமூகப்பணிப் பட்டம் பெற்றால்தான் முடியும் என்று எண்ண வேண்டாம். சரக்குப் போக்குவரத்து, கொள்முதல், கணக்கியல், புள்ளியியல், ஊட்டச்சத்தியல் தெரிந்தவர்களுக்கு இங்கே எப்போதும் தேவை உண்டு. ஓராண்டு சிறிய உள்ளூர் அமைப்பு ஒன்றில் கிராமத்தில் வேலை பார்த்தவரின் விண்ணப்பத்துக்கு, கருத்தரங்குச் சான்றிதழ்களால் நிரம்பிய விண்ணப்பத்தைக் காட்டிலும் எடை அதிகம்.

ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, விசா என்று எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. பதிவுக் கட்டணமோ முன்வைப்புத் தொகையோ கேட்டு நியமனக் கடிதம் வந்தால் அது மோசடி. கடிதத்தில் நீலச் சின்னமும் முத்திரையும் இருப்பது சான்றாகாது. மின்னஞ்சல் முகவரியின் இறுதிப் பகுதியை அமைப்பின் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணியிட எண்ணை அவர்களுடைய வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேடிச் சரிபாருங்கள். உண்மையான அழைப்பே வந்தாலும் ஒப்பந்தத்தின் வகையைக் கவனியுங்கள். ஆலோசகர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்கு மேல் நீள்வதில்லை. திட்டத்துக்கான கொடை நின்றால் நீட்டிப்பும் நின்றுவிடும். ஆதலால் இருக்கிற வேலையை விடுவதற்கும், முனிர்காவில் இருக்கும் அறையைக் காலி செய்து பெரிய வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கும் முன், ஒப்பந்தத்தின் கடைசித் தேதியையும் அந்தப் பணியிடத்துக்கு நிதி எந்த ஆண்டு வரை உறுதியாகியிருக்கிறது என்பதையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.